சிவப்புக் கிட்டாருக்கு ஒரு வைத்தியம்

கடையநல்லூரிலிருந்து அந்த எலெக்ட்ரிக் கிட்டார் வந்து இறங்கிய கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். கட்டம் போட்ட பழைய லுங்கியில் சுற்றி, நைலான் கயிற்றால் வரிந்து கட்டி, மொபெட்டின் பின்னால் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தான் பாண்டியராஜ். வழியில் இரண்டு பேர் வண்டியை மறித்து, "என்ன மாப்ளே, கெடாக்குட்டியா? வீட்ல என்ன விசேஷம்?" என்று விசாரித்தார்களாம். சங்கரன்கோவில்காரர்களுக்கு மூட்டை எதுவானாலும் முதலில் கறி ஞாபகம்தான் வரும்.

பாண்டியராஜின் பெண்டாட்டி வேல்விழிக்குக் கயிற்றை அவிழ்க்கும் பொறுமை இல்லை. தையல் மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டாக வெட்டினாள். அது ஜாக்கெட் துணி வெட்டும் கத்தரிக்கோல். வேறு யாராவது அதை நூல்கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே அவள் சண்டைக்கு வருவாள். அன்றைக்கு அந்தச் சட்டம் செல்லவில்லை.

லுங்கிக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கிட்டார் எட்டிப்பார்த்தது.

"கலரு எப்பிடி?" என்றான் பாண்டியராஜ். "மைதீன் பிச்சை அண்ணாச்சி வீட்டு மச்சுல கெடந்துச்சு. அவரு மவன் துபாய்லேருந்து கொண்டாந்தது. பய திரும்பிப் போயிட்டானாம். பாத்த ஒடனே பேசி முடிச்சிட்டேன்லா."

"வாசிச்சுப் பாத்தீங்களா?"

"நமக்கு வாசிக்கவா தெரியும்? தட்டிப் பாத்தேன். நல்ல மரம்."

பலாப்பழம் வாங்குகிற மாதிரி தட்டிப் பார்த்துக் கிட்டார் வாங்கிவந்த புருஷனை என்ன செய்வது? ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறான். திட்டவும் மனசு வரவில்லை. வேல்விழி கிட்டாரைத் தூக்கி, கண்ணுக்கு நேராக வைத்து, கழுத்து நெடுகப் பார்த்தாள். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பிகள் துருப்பிடித்துப் பலகையை விட்டு எங்கேயோ உயரத்தில் நின்றன. உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாகப் பெயிண்ட் உரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய மாமியார் முப்பிடாதியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கிட்டாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னலே இது, சொறி புடிச்சாப்ல இருக்கு?"

"பழசும்மா. சரி பண்ணிக்கிடலாம்."

"பிறத்தியாரு வீட்ல கெடந்தது. என்ன நோவு பட்டு வந்திருக்கோ," என்று சொல்லிவிட்டு முப்பிடாதியம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. திட்டுகிற மாமியாரைச் சமாளித்துவிடலாம். இப்படிப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகிற மாமியாரோடு குப்பை கொட்டுவதுதான் கஷ்டம் என்று வேல்விழி நினைத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அறைத்தோழி ஒருத்தியின் கிட்டாரில் கற்றுக்கொண்டதுதான் அவளுடைய வித்தை. அந்தக் கிட்டாரும் தோழியோடு போய்விட்டது. அப்புறம் கல்யாணம், சங்கரன்கோவில், வாசல் அறையில் ஒரு தையல் மிஷின், ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டுகள். பாண்டியராஜ் விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறான். குறையொன்றும் இல்லை. ஆனால் மிஷினை மிதிக்கும்போது அவளுடைய இடது கை விரல்கள் தாமாகத் துணி மேல் எதையோ அழுத்தி அழுத்திப் பார்க்கும். ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கிட்டார் வருவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தவள் ஜெயசித்ரா. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஓய்வு நேரத்தில் பெண்களாகச் சேர்த்து ஒரு மெல்லிசைக் குழு நடத்துகிறாள். சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடைத் திருவிழா என்றால் அவர்களைக் கூப்பிடுவார்கள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த இடத்தில் பேச்சு வாக்கில் விஷயம் தெரிந்து, பிடித்துக்கொண்டாள்.

"எங்க கிட்டார்க்காரி கல்யாணமாகி கோயமுத்தூர் போயிட்டா. நீ வந்துரு வேலு. ஆனா எலெக்ட்ரிக் கிட்டாரு வேணும். கொடையில மேளச்சத்தத்துக்கு நடுவுல சும்மா கிட்டாரு எடுபடாது. வார ஞாயித்துக்கெழம ஒத்திகை. செவ்வாக்கெழம சிவகிரியில கொடை."

"நான் வரலன்னா?"

"ராஜபாளையத்துல ஞானதுரைன்னு ஒருத்தரு இருக்காரு. பேசி வச்சிருக்கேன். ஆனா பாத்துக்க, மகளிர் குழுன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. அவரு மீசைய எங்கன கொண்டு ஒளிக்க?"

வேல்விழி சிரித்தாள். சிரித்தாளே தவிர அன்று முழுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். புருஷனிடம் சொன்னாள். அவ்வளவு ஆசையாக அவள் எதையும் கேட்டதில்லை. அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தச் சிவப்புக் கிட்டார். ஞாயிற்றுக்கிழமை நன்றாக அமைந்துவிட்டால் மாமியாரும் வாய் திறந்து ஏதாவது சொல்வாள். சொதப்பிவிட்டால் கிட்டார் பரண் மேல் போகும், இந்த வீட்டில் அந்தப் பேச்சை இரண்டாம் தடவை எடுக்க முடியாது. இது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே வைத்தியம் தொடங்கியது.

முதலில் கழுத்து. எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்துக்குள் நெடுக ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் முனையை ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவி போட்டுத் திருகினால் வளைவு நிமிரும். தறிக்கூடத்திலிருந்து பாண்டியராஜ் ஒரு கொத்து ஆலன் கீ கொண்டுவந்து பரப்பினான். அளவு சரியாக உட்கார்ந்ததுமே அவனுக்குக் கை துறுதுறுத்தது.

"கொண்டா, ஒரே இழுப்புல நிமித்திருதேன்."

வேல்விழி அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். "இது ஒங்க தறி இல்ல. கால் சுத்துதான் திருகணும். திருகிட்டு ஒரு நாளு சும்மா வுடணும். மரம் மெதுவாத்தான் கேக்கும்."

"மரத்துக்குக் காட்டுத பொறுமைய மனுசனுக்கும் காட்டலாம்லா," என்று முனகிக்கொண்டே அவன் நகர்ந்தான்.

கால் சுற்று திருகி, மறுநாள் பார்த்து, இன்னொரு கால் சுற்று திருகினாள். கழுத்து கிட்டத்தட்ட நேரானது. அதற்குள் திருநெல்வேலியிலிருந்து புதுக் கம்பிகள் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. பழைய கம்பிகளைக் கழற்றினாள். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டிகளைத் தேய்த்துத் துடைத்தாள். அவற்றுக்கு ஃப்ரெட் என்று பெயர். சிலவற்றின் ஓரம் கையைக் கீறியது. நகம் தேய்க்கும் அரத்தை வைத்து அதையெல்லாம் மழுக்கினாள்.

புதுக் கம்பி போட்டதும் உயரம் பார்க்க வேண்டும். கம்பி மேலே தூக்கி நின்றால் விரல் தேய்ந்துபோகும். ரொம்பக் கீழே இறங்கினால் ஃப்ரெட்டில் உரசி 'ஞ்ஞ்ங்' என்று இழுக்கும். இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றைக் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே நுழைத்து, அது தொட்டும் தொடாமலும் போகிற அளவுக்கு ஒவ்வொன்றாக இறக்கினாள். தையல் மிஷினின் சின்ன ஸ்க்ரூ டிரைவர் அந்த வேலைக்கென்றே செய்தது போல் இருந்தது. கடைசியாகச் சுருதி. கம்பியை வெறுமனே மீட்டினால் வரும் சத்தமும், சரிபாதியில் அழுத்தி மீட்டினால் வரும் சத்தமும் மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத கம்பிக்கு அதன் தாங்கியை மயிரிழை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். ஆறு கம்பிக்கும் இதே பாடு. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முகத்தைத் தூக்கும்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது வீட்டில் எழுந்த சத்தத்தைக் கொஞ்சம் நினைத்துப்பார்க்க வேண்டும். ஒரே கம்பி, ஒரே சத்தம், திரும்பத் திரும்ப. முப்பிடாதியம்மாள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், "ஓலைப்பாயில நாய் மோண்டாப்ல," என்றாள்.

வேல்விழிக்கு முகம் சுண்டிப்போனது. கிட்டாரை எடுத்துக்கொண்டு வாசல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மாலை கொக்கி தைக்கும்போது இடது கை விரல் நுனியெல்லாம் எரிந்தது. விட்டுப்போன பழக்கம், கொப்புளம் போட்டுவிட்டது. மாமியார் பக்கத்தில் வந்து நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"கையில என்னட்டி?"

"ஒண்ணுமில்ல அத்த." வேல்விழி விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"தோலு உரிஞ்சிருக்கு. ஒண்ணுமில்லன்னு சொல்லுத."

அவ்வளவுதான், போய்விட்டாள். கிட்டார் வேண்டாம் என்பதற்குத்தான் இப்படி அடி போடுகிறாள் என்று வேல்விழி முடிவுகட்டினாள். மருமகள்கள் அப்படித்தான் முடிவுகட்டுவார்கள்.

சனிக்கிழமை காலையில் ஜெயசித்ராவிடம் இரவல் வாங்கிய சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் கிட்டாரின் வயரைச் செருகி, பயந்து பயந்து ஒரு தட்டுத் தட்டினாள். வீடு நிறைந்தது. ஆறு கம்பியும் ஒரே குடும்பமாக, பிசிறில்லாமல், இனிப்பாக ஒலித்தன. விடுதி அறையில் வாசித்த ஒரு மெட்டை எடுத்தாள். விரல்கள் எரிச்சலை மறந்து ஓடின. பாண்டியராஜ் சட்டைப் பொத்தானைப் போட மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "நான் சொன்னம்லா, நல்ல மரம்னு," என்றான். அடுப்படியில் மட்டும் ஏதோ மூடி ணங்கென்று விழுந்தது. வேல்விழி சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள்.

அன்று மாலை வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஜாக்கெட்டுகள் கொடுக்க வேண்டியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மொபெட்டில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஞாயிறு காலையில் கிட்டாரை எடுத்தபோது அது பளிச்சென்று இருந்தது. யாரோ ஈரத்துணி போட்டு நன்றாகத் துடைத்திருந்தார்கள்.

"நீங்களா தொடச்சீங்க?"

பாண்டியராஜ் ஒரு கணம் யோசித்தான். பெண்டாட்டி முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வலிய வரும் நல்ல பெயரை எந்தப் புருஷன் வேண்டாம் என்பான்? "பின்ன? நல்ல காரியத்துக்குப் போவுது, அழுக்கோடயா போவும்?" என்றான்.

ஜெயசித்ராவின் வீட்டு மாடியில் ஒத்திகை. கீபோர்டு, தபேலா, பாடுகிற இரண்டு பெண்கள் என்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வேல்விழி வயரைச் செருகினாள். சிரித்த முகத்தோடு முதல் தட்டு தட்டினாள்.

கொதிக்கிற எண்ணெயில் கடுகைக் கொட்டியது போலச் சத்தம் வெடித்தது. தபேலாக்காரப் பெண் காதைப் பொத்தினாள். வேல்விழி வயரைத் திருகினாள். ஒரு கணம் பாட்டு வந்தது. பிறகு கரகரவென்று இழுத்து, அடங்கி, செத்தே போனது. எடுத்துத் திரும்பச் செருகினாள். மறுபடியும் வெடி. வயரை மாற்றிப் பார்த்தார்கள், பெட்டியை மாற்றிப் பார்த்தார்கள். கிட்டார்தான் குற்றவாளி.

"நேத்து நல்லா இருந்துச்சு ஜெயா. சத்தியமா நல்லா இருந்துச்சு."

ஜெயசித்ரா நல்லவள். அதனால்தான் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. "செகண்ட் ஹேண்டு சாமான் அப்பிடித்தான் வேலு. மேடையில இப்பிடி ஆச்சுன்னா ஊர்க்காரங்க சும்மா வுட மாட்டாங்க. ஞானதுரைக்கு நான் இன்னைக்கே சொல்லணும்."

"வெளக்கு வைக்கதுக்குள்ள வாரேன். அதுவரைக்கும் சொல்லாத."

வேல்விழி நேரே வீட்டுக்கு வந்தாள். வாசல் அறைத் தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கிட்டாரைக் கிடத்தி, வயர் செருகும் துளையின் மேலிருந்த தகட்டின் திருகுகளைக் கழற்றினாள். தகட்டைத் தூக்கினாள்.

உள்ளே மண்.

தூசியோ துருவோ இல்லை. குழைத்து அப்பிய செம்மண். துளைக்குள்ளும், வயரின் முனையைத் தொட வேண்டிய உலோக நாக்கின் மேலும் அப்பி, பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் இருந்தது.

"நீங்கதான தொடச்சீங்க?" என்றாள் புருஷனைப் பார்த்து. அந்தப் பார்வையில் அவன் மூன்று விநாடி தாக்குப்பிடித்தான்.

"நான் தொடைக்கல. நீ கேட்ட, சும்மா ஆமான்னேன்."

பின்னே யார்? வீட்டில் இருப்பதே மூன்று பேர். வேல்விழிக்கு உச்சந்தலை சூடேறியது. நாய் மோண்ட பேச்சு, அடுப்படியில் விழுந்த மூடி, தோல் உரிந்ததற்கு ஒரு குத்தல். எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவளே கிட்டாரைக் கட்டிப் பரணில் போட்டிருப்பாளே! இப்படியா ஒரு மனுஷி செய்வாள்? கழற்றிய தகட்டை மண்ணோடு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாருக்கு முன்னால் அவள் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தத்தான் போனாள்.

"அத்த, இது என்ன?"

முப்பிடாதியம்மாள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். "புத்து மண்ணு. என்ன, தெரியாதாக்கும்?"

"நீங்களா போட்டீங்க?"

"நாந்தான் போட்டேன். பின்ன வேற ஆரு போடுவா?" ஒளிவும் இல்லை, மறைவும் இல்லை. "வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போனம்லா, அப்ப அம்மங்கிட்ட சொல்லி எடுத்துட்டு வந்தேன். சொறியும் செரங்கும் அந்த மண்ணுக்கு நிக்காது. இது ஒடம்பு பூரா உரிஞ்சி கெடக்கு. நீ தெனமும் அத மடியில வச்சிக்கிட்டு இருக்க. ரெண்டு நாளுல ஒங்கையிலயும் தோலு உரியுது. எனக்கு எப்பிடி இருக்கும்? எவன் வீட்டு நோவோ, நம்ம புள்ளைக்கு ஒட்டிக்கிட்டுன்னு நெனச்சேன். ஒங்க ரெண்டு பேர்ட்டயும் சொன்னா சிரிப்பிய. நீங்க வாசுதேவநல்லூர் போன நேரம் பாத்து, நல்லாக் குழைச்சு மேல பூசி, காயவிட்டுத் தொடச்சி வச்சேன்."

வேல்விழியின் கோபம் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. "மேல பூசுனீங்க, சரி. இது உள்ள எப்பிடிப் போச்சு?"

"ஓட்டை இருந்துச்சுல்லா. மருந்து மேல மட்டும் பூசுனா போதுமா? உள்ளுக்கும் போணும். அதான் ஊதுபத்திக் குச்சிய வச்சுக் கொஞ்சம் உள்ள தள்ளிவிட்டேன்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாண்டியராஜ் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். வேல்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டாள். சண்டை போட வந்த இடத்தில் தனக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் யார்தான் என்ன செய்வார்கள்? நம்ம புள்ள என்று மாமியார் சொன்னது பாண்டியராஜை இல்லை, தன்னை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"என்னட்டி, ஏன் அழுத? மருந்து கேக்கலியா?"

வேல்விழி நடந்ததைச் சொன்னாள். மின்சாரம் போகிற வழியில் மண் அடைத்துக்கொண்டது, ஒத்திகையில் மானம் போனது, விளக்கு வைப்பதற்குள் சரிசெய்யாவிட்டால் இடமும் போய்விடும். முப்பிடாதியம்மாளின் முகம் மாறியது. புளிக் கையைக் கழுவினாள்.

"அதுல கரண்டு போவும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஏலே பாண்டி, பல்லக் காட்டிக்கிட்டு நிக்காத. என்ன வாங்கணும்னு அவட்ட கேட்டு ஓடு."

தெருமுக்கில் செல்போன் பழுதுபார்க்கும் செல்லப்பாவிடம், போனின் உள்பாகங்களைக் கழுவும் திரவம் இருக்கும். பாண்டியராஜ் ஒரு குப்பியில் கொஞ்சம் வாங்கிவந்தான். வேல்விழி பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டினாள். மாமியார் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தைத் துளைக்கு நேராகப் பிடித்தாள். சுரண்டிய மண் ஒரு பொட்டுகூடத் தரையில் சிந்தவிடவில்லை. "அம்மன் பிரசாதம்ட்டி, கால்ல மிதிபடக் கூடாது," என்று எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்து, கொல்லையில் செம்பருத்திச் செடியின் அடியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

உலோக நாக்கைத் திரவத்தில் நனைத்துத் துடைத்தார்கள். நகம் தேய்க்கும் அரத்தால் லேசாக உரசியதும் அது மினுங்கியது. வயரின் முனையை இறுக்கிப் பிடிக்கட்டும் என்று வேல்விழி நாக்கைக் கொஞ்சம் உள்பக்கமாக வளைத்தாள். துளைக்குள் மிச்சமிருந்த ஈரத்தை எடுக்க வழி தெரியவில்லை. முப்பிடாதியம்மாள் மிஷின் பக்கம் கிடந்த காடாத் துணியில் ஒரு நாடாவைக் கிழித்து, அதே ஊதுபத்திக் குச்சியில் சுற்றி, உள்ளே விட்டுத் திருகி எடுத்தாள். "போட்டவளே எடுத்தாச்சு, போ," என்றாள்.

தகட்டைத் திருகி மூடினார்கள். வயரைச் செருகினார்கள். வேல்விழி கையை ஓங்கிவிட்டு நிறுத்தினாள். பயமாக இருந்தது.

"அடிட்டி. என்னைக்கி இருந்தாலும் அடிக்கத்தான வேணும்?"

அடித்தாள். சனிக்கிழமை காலையில் கேட்ட அதே சத்தம், பிசிறில்லாமல் வீட்டை நிறைத்தது. வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"பாத்தியா?" என்றாள் முப்பிடாதியம்மாள் வெற்றியோடு. "மருந்து வேல செய்யாம இருக்குமா?"

வேல்விழி அதை மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது?

வெயில் தாழும்போதே ஜெயசித்ரா வீட்டு மாடியில் போய் நின்றாள். மூன்று பாட்டு வாசித்தாள். மூன்றாவது பாட்டின் நடுவிலேயே ஜெயசித்ரா கண்ணால் சிரித்துக்கொண்டு, ஒரு கையால் கீபோர்டை வாசித்தபடி மறு கையால் போனை எடுத்து, "அண்ணாச்சி, செவ்வாக்கெழம நீங்க செரமப்பட வேண்டாம்," என்று ஞானதுரையிடம் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிவகிரிக் கொடையில் முப்பிடாதியம்மாள் முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கூப்பிடாமலேதான் வந்தாள், அதுவும் பட்டுச்சேலையில். சிவப்புக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வேல்விழி மேடை ஏறினாள். திட்டுத் திட்டாக உரிந்த இடமெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பூப்போட்ட மாதிரி தெரிந்தது. இரண்டாம் பாட்டில் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்று உண்டு. கூட்டம் விசிலடித்தது. பக்கத்து நாற்காலிக்காரியிடம் முப்பிடாதியம்மாள் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்: "எம் மருமவ. போன வாரம் அந்தக் கிட்டாருக்கு மேலுக்குச் சொகமில்ல. நாந்தான் புத்து மண்ணு போட்டுச் சரியாக்குனேன்." அவள் சொன்னது ஒலிபெருக்கியையும் மீறி மேடைக்குக் கேட்டது. வேல்விழி சிரித்ததில் ஒரு கம்பி தப்பிப்போனது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாமியாரும் மருமகளும் கோயிலுக்குப் போனார்கள். முப்பிடாதியம்மாள் வேண்டுதல் வைத்திருந்தாளாம். கோயில் வாசலில் நேர்த்திக்கடனுக்கு உருவத் தகடு விற்கும் கடை முன்னால் நின்றாள்.

"கிட்டாரு இருக்காய்யா?"

கடைக்காரர் அவளை ஒரு முறை பார்த்தார். "பாம்பு இருக்கு, தேளு இருக்கு. கை, காலு, கண்ணு எல்லாம் இருக்கு. கிட்டாரு கேட்டு இதுவரைக்கும் யாரும் வரலிய தாயி."

"இனிமே வருவாவ. செஞ்சு வையும்," என்று சொல்லிவிட்டு அவள் தட்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு கைத் தகடு எடுத்தாள். வேல்விழியின் இடது கையைப் பிடித்து, கொப்புளம் ஆறிக் காய்த்திருந்த விரல் நுனிகளை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, தகட்டை அதில் வைத்தாள். பிறகு மறுபடியும் துழாவி ஒரு காதுத் தகடு எடுத்துக்கொண்டாள்.

"கை எனக்கு, சரி," என்றாள் வேல்விழி. "காது எதுக்கு அத்த? என் காது நல்லாத்தான இருக்கு."

"ஒனக்கு இல்லட்டி, எனக்கு." முப்பிடாதியம்மாள் காதுத் தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இனி தெனமும் கேக்கணும்லா. அது நல்லா இருக்க வேண்டாமா?"

வேல்விழிக்கு அந்த இடத்திலேயே மாமியாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டாள். "விடுட்டி, கூறுகெட்டவளே, கோயில் வாசல்ல ஆளுக பாக்காவ," என்றாள் முப்பிடாதியம்மாள். ஆனால் அவள் தன்னை விடுவித்துக்கொள்ளவில்லை.